பிழைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே: பழைய பீரங்கி விளையாட்டுகள் மீதான ஏக்கம்

திரையின் ஒரு ஓரத்தில் ஒரு பீரங்கி, மறு ஓரத்தில் இன்னொன்று, நடுவே ஒரு மலை. ஆடுபவர் கோணத்தைத் தர வேண்டும். விசையைத் தர வேண்டும். குண்டு வளைந்து மேலேறி இறங்கும். பட்டால் ஆட்டம் முடிந்தது. படாவிட்டால் எதிராளியின் முறை. இந்த அமைப்பில் 1970களிலிருந்து எத்தனையோ கணினி விளையாட்டுகள் வந்தன. பீரங்கிகளுக்குப் பதில் டாங்கிகள் வந்தன, பிறகு கொரில்லாக்கள், பிறகு புழுக்கள். ஆட்டத்தின் எலும்புக்கூடு மட்டும் மாறவே இல்லை.

இன்று நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு கனிவு வந்துவிடுகிறது. அவற்றைவிடப் பல மடங்கு அழகான விளையாட்டுகள் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் பழையவற்றைத் தேடிப்பிடித்து ஆடுகிறார்கள், மறுபடி எழுதுகிறார்கள், தம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். இந்த ஏக்கம் எதை நோக்கியது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. இளமையை நோக்கியது என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி அந்த விளையாட்டுகளின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தால், இன்று நம் பிள்ளைகளுக்குக் குறையும் ஒன்றையும் கண்டுகொள்ளலாம்.

அட்டவணையிலிருந்து ஆட்டத்துக்கு

பீரங்கிக் குண்டின் பாதையும் கணினியும் பிறப்பிலேயே உறவுக்காரர்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குச் சுடும் அட்டவணைகள் தேவைப்பட்டன. எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவில் விழும் என்பதைக் காற்று, வெப்பநிலை, குண்டின் எடை ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லும் அட்டவணைகள் அவை. மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாதையைக் கணக்கிட, தேர்ந்த ஒருவருக்குச் சுமார் 20 மணி நேரம் பிடித்தது. இந்த வேலையை விரைவாக்கத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியைக் கட்டினார்கள். 1946 பிப்ரவரியில் அதை உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது காட்டிய கணக்குகளில் ஒன்று பீரங்கிக் குண்டின் பாதை. பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரு பெண்கள் எழுதிய நிரல் அது. உண்மையான குண்டு தரையில் விழுவதற்குள் எனியாக் அதன் பாதையைக் கணக்கிட்டு முடித்துவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1958 அக்டோபரில், புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்குப் பார்வையாளர்கள் வரும் நாளுக்காக வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர் ஒரு விளையாட்டை அமைத்தார். இருவர் ஆடும் டென்னிஸ்; அலைகாட்டியின் சிறு வட்டத் திரையில் ஒரு ஒளிப்புள்ளி வலையைத் தாண்டிப் போய் வரும். அதற்கு அவர் பயன்படுத்திய ஒப்புமைக் கணினியின் கையேட்டில், ஏவுகணையின் பாதையையும் துள்ளும் பந்தின் பாதையையும் வரைவது எப்படி என்ற விளக்கம் இருந்தது. குண்டுக்கான சுற்று பந்துக்கும் பொருந்தியது. ஆடுபவர் ஒரு குமிழைத் திருப்பிக் கோணத்தை வைத்து, பொத்தானை அழுத்துவார். பின்னாளில் வந்த பீரங்கி விளையாட்டுகளின் கைப்பழக்கம் அங்கேயே இருந்தது.

1970களில் பல்கலைக்கழகங்களிலும் பள்ளிகளிலும் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிகள் வந்தன. பேசிக் என்ற நிரல்மொழியில் எழுதிய விளையாட்டுகளை டேவிட் ஆல் தொகுத்து 1978இல் வெளிவந்த நூல் பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. கணினி நூல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அதில் 'கன்னர்' என்றொரு விளையாட்டு. படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். பீரங்கியின் அதிகபட்ச எல்லையையும் இலக்கின் தொலைவையும் கணினி சொல்லும்; ஆடுபவர் 1 முதல் 89 பாகைக்குள் ஒரு கோணத்தைத் தட்டுவார். குண்டு இலக்கைத் தாண்டி இத்தனை கெஜத்தில் விழுந்தது, அல்லது இலக்குக்கு முன்பே இத்தனை கெஜத்தில் விழுந்தது என்று பதில் வரும். ஐந்து வாய்ப்புகளுக்குள் 100 கெஜ நெருக்கத்தில் விழச் செய்யாவிட்டால் எதிரி நம்மை அழித்துவிடுவான். மொத்தத்தில் குண்டுகளை அதிகமாக வீணாக்கியவரை, ராணுவத்தின் பீரங்கிப் பள்ளி இருக்கும் ஃபோர்ட் சில்லுக்கே திரும்பிப் போய்ப் பயிற்சி எடுக்கச் சொல்லும்.

எழுத்தால் மட்டுமே ஆன இந்தச் சிறு நிரலில் பின்னால் வரப்போகும் எல்லாவற்றின் வித்தும் இருந்தது: ஒரு கணிப்பு, ஒரு பிழை, அந்தப் பிழையின் அளவு, திருத்த ஒரு வாய்ப்பு.

1991: இரண்டு விளையாட்டுகள்

தனியாள் கணினிகளில் இந்த வகையின் பொற்காலத்தை 1991இல் இருந்து கணக்கிடலாம். அதற்கு முந்தைய ஆண்டே கென் மோர்ஸ் எழுதிய 'டாங்க் வார்ஸ்' வந்திருந்தது. 1991இல் வந்த இரண்டுதான் ஒரு தலைமுறையின் நினைவில் ஆழமாகப் பதிந்தன.

முதலாவது, எம்எஸ்-டாஸ் 5 இயங்குதளத்தோடு வந்த 'கொரில்லாஸ்'. யாரும் கடைக்குப் போய் இதை வாங்கவில்லை. டாஸை நிறுவினால் க்யூபேசிக் மொழி கூடவே வந்தது. அந்த மொழிக்கு எடுத்துக்காட்டு நிரலாக இந்த விளையாட்டும் வந்து சேர்ந்தது. மாநகரத்து மாடிக் கட்டடங்களின் உச்சியில் நிற்கும் இரண்டு கொரில்லாக்கள், வெடிக்கும் வாழைப்பழங்களை ஒன்றன்மீது ஒன்று எறியும். கோணத்தையும் திசைவேகத்தையும் எண்களாகத் தட்ட வேண்டும். காற்றின் திசையையும் வலுவையும் திரையின் அடியில் ஓர் அம்புக்குறி காட்டும். மேலே சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும். பழம் தன்மீது பட்டால் வாயைப் பிளக்கும். ஆட்டம் தொடங்கும் முன் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று கேட்கும்; பேசாமல் எண்டர் விசையைத் தட்டினால் பூமிக்குரிய 9.8. வேறு எண்ணைத் தந்தால் வேறு கோளில் ஆடலாம்.

இரண்டாவது, வெண்டல் ஹிக்கன் எழுதி ஷேர்வேராக (இலவசமாக ஆடிப் பார்த்து, பிடித்தால் பணம் அனுப்பும் முறையில்) பரவவிட்ட 'ஸ்கார்ச்டு எர்த்'. 1995இல் வந்த 1.5 பதிப்பு வரை அவர் அதை வளர்த்தார். ஒரே கணினியில் பத்துப் பேர் வரை ஆடலாம். ஒவ்வொரு சுற்றிலும் சம்பாதிக்கும் பணத்தைக் கொண்டு குண்டுகளும் கேடயங்களும் பாராசூட்டுகளும் வாங்கலாம். மலையைத் துளைக்கும் குண்டு, சரிவில் உருளும் குண்டு, நடுவானில் பலவாகப் பிரியும் குண்டு, எதிராளியை மண்ணால் மூடும் குண்டு என்று ஆயுதக் கடை நீண்டது. அந்தக் கடையின் மலிவான சரக்குகளில் ஒன்று, யாருக்கும் தீங்கு செய்யாமல் தான் போன தடத்தை மட்டும் வரைந்து காட்டும் குண்டு. அடுத்த முறை சரியாகக் குறிவைப்பதற்காக இந்த முறையை விட்டுக்கொடுக்கும் பேரம் அது. திரையின் ஓரத்தில் மோதும் குண்டு திரும்பித் துள்ளுமா, மறுபக்கம் வழியாக வருமா என்பதைக்கூட ஆடுபவர்களே முடிவு செய்யலாம். அடிபடும் டாங்கி சாகும் முன் ஒரு வரி பேசும். அந்த வரிகள் ஓர் எளிய எழுத்துக் கோப்பில் இருந்ததால், நண்பர்கள் தங்கள் பட்டப்பெயர்களையும் உள்ளூர்க் கிண்டல்களையும் அதில் எழுதிவைத்துக்கொண்டார்கள்.

அடுத்து, இந்த வகையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது 1995இல் வந்த 'வோர்ம்ஸ்'. ஆண்டி டேவிட்சன் என்ற ஆங்கிலேய இளைஞர் பள்ளி நாட்களில் வரைபடக் கணக்குப்பொறியில் எழுதிப் பார்த்த பீரங்கி விளையாட்டிலிருந்து அது வளர்ந்தது. அமிகா கணினிக்கு அதை மாற்றி ஓர் இதழின் போட்டிக்கு அனுப்பினார்; பரிசு கிடைக்கவில்லை. 1994இல் லண்டனில் நடந்த வணிகக் கண்காட்சியில் டீம்17 நிறுவனத்தாரிடம் நேரில் காட்டினார், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அணிக்கு நான்கு புழுக்கள். அவை நடக்கும், தாவும், கயிற்றில் ஊசலாடும். ஆனாலும் நகர்ந்து முடித்து நின்றபின் செய்வது அதே பழைய வேலைதான்: கோணம், விசை, காற்று.

ஏக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள்

இந்த விளையாட்டுகள் ஏன் இவ்வளவு நினைக்கப்படுகின்றன என்பதற்குப் பொதுவாக மூன்று காரணங்களைச் சொல்வார்கள்.

முதல் காரணம் வயது. பதின்மத்தில் பிடித்தவை ஆயுள் முழுதும் பிடிக்கும். இதை மறுக்க முடியாது. ஆனால் அதே வயதில் நாம் ஆடிய எத்தனையோ விளையாட்டுகள் மறந்துபோயின. வயது ஏக்கத்துக்கு எண்ணெய் ஊற்றலாம். எது எரிய வேண்டும் என்பதை அது தேர்ந்தெடுப்பதில்லை.

இரண்டாவது, எளிய உருவம். சில நிறங்கள், கரடுமுரடான கோடுகள், கற்பனைக்கு விட்ட இடம். இதிலும் உண்மை உண்டு. ஆனாலும் பழைய உருவத்தை மட்டும் நகலெடுத்த புதிய விளையாட்டுகள் பல வந்து, ஒரு நாள் வியப்போடு முடிந்துபோகின்றன. உருவம் மட்டுமே காரணமாக இருந்தால் அவை நிலைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, உடன் ஆடியவர்கள். இதற்கு ஆய்வின் துணையும் இருக்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஏக்கத்தோடு நினைவுகூரும் காட்சிகளில் நினைப்பவர் நடுநாயகமாக இருந்தாலும் அவரைச் சுற்றி நெருங்கியவர்களே நிறைந்திருப்பதைக் கண்டார்கள். தனிமை ஏக்கத்தைத் தூண்டுகிறது. ஏக்கம் உறவுணர்வைத் திரும்ப ஊட்டுகிறது. பீரங்கி விளையாட்டை நினைப்பவர் அண்ணனையும் தங்கையையும் வகுப்புத் தோழனையும் சேர்த்தே நினைக்கிறார். இந்த மூன்றாவது காரணம் மற்ற இரண்டையும்விட வலுவானது. ஆனால் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் வேறும் இருந்தன. இந்த ஒன்றில் நெருக்கம் ஏன் இவ்வளவு இறுகியது என்பதைச் சொல்ல, ஆட்டத்தின் உள்ளே போக வேண்டும்.

பிழைக்கு ஓர் அளவு உண்டு

பதினோராம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் பாடமாக வருகிறது. காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால் எறிபொருளின் பாதை ஒரு பரவளையம். கிடைத்தள நெடுக்கம் கோணத்தின் இருமடங்குடைய சைன் மதிப்பைப் பொறுத்தது. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் 45 பாகையில் எறிந்தால் குண்டு சுமார் 1,020 மீட்டர் போகும். 30 பாகையில் சுமார் 884 மீட்டர். 60 பாகையிலும் அதே 884 மீட்டர். ஆனால் முதல் பாதையின் உச்சி 128 மீட்டர், இரண்டாவதன் உச்சி 383 மீட்டர். நடுவே 200 மீட்டர் உயர மலை இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூத்திரத்தைப் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மலைக்கு மேலாகவும் மலையை உரசியும் ஒரே இடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு என்பதைச் சிறுவர்களின் விரல்கள் அறிந்திருந்தன.

அதைவிட முக்கியமான பாடம் வேறொன்று. முதல் குண்டு இலக்கைத் தாண்டி விழுகிறது. அடுத்தது முன்னால் விழுகிறது. இப்போது இலக்கு இரண்டு எண்களுக்கு நடுவே அகப்பட்டுவிட்டது. நடுவெண்ணை எடுக்கிறோம், மீண்டும் எந்தப் பக்கம் பிழை என்று பார்க்கிறோம். உண்மையான பீரங்கிப் படையினரும் இலக்கை இப்படி முன்னும் பின்னும் சுட்டுத்தான் நெருங்கினார்கள். 800 மீட்டர் நிச்சயமின்மை ஐந்து முறை பாதியாகக் குறைந்தால் 25 மீட்டராகிவிடும். கணினி அறிவியலில் இருமத் தேடல் என்று கற்பிப்பதும் இதைத்தான். ஒன்பது வயதுப் பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியது.

இதற்குத் தேவையான ஒன்றை அந்த விளையாட்டுகள் தவறாமல் கொடுத்தன: பிழைக்கு அளவும் திசையும் இருந்தன. பல விளையாட்டுகளில் தோல்வி ஒரு கதவு சாத்துவதுபோல வருகிறது. ஏன் தோற்றோம் என்பது தெரிவதில்லை. இங்கே தவறு, திரையில் நிதானமாக வளைந்து போய், ஓர் இடத்தில் பள்ளம் தோண்டி நின்றது. இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். கொரில்லாஸில் ஒரு சுற்று முடியும்வரை காற்று மாறாது. ஆகவே பிழையிலிருந்து கற்றது அடுத்த முறை கட்டாயம் உதவும். முயற்சிக்கும் பலனுக்கும் நடுவே இருந்த இந்த நேர்மையை நாம் பெரியவர்களான பிறகு வாழ்க்கையில் அதிகம் காணவில்லை. ஏக்கத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

காத்திருக்கும் நேரம்

முறை வைத்து ஆடுவதற்கு முதலில் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. வீட்டில் ஒரே ஒரு கணினி. அதற்கு ஒரே விசைப்பலகை. பிணைய இணைப்பு கிடையாது. இருவர் ஆட வேண்டுமானால் இடம் மாறி உட்கார வேண்டும், அல்லது விசைப்பலகையை நகர்த்திக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1990களில் பள்ளிக் கணினி அறையில் ஓர் இயந்திரத்துக்கு இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து பேசிக் கற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பற்றாக்குறையே ஆட்டத்தின் வடிவத்தை முடிவு செய்தது.

ஆனால் அந்தப் பற்றாக்குறை ஒரு நல்ல விளைவைத் தந்தது. எதிராளி சுடும்போது நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பார்க்க மட்டுமே முடியும். அவர் என்ன எண்ணைத் தட்டுகிறார், எவ்வளவு நேரம் யோசிக்கிறார், சென்ற முறையைவிடக் கூட்டுகிறாரா குறைக்கிறாரா என்று கூர்ந்து பார்ப்போம். அவருடைய பிழையிலிருந்து நாமும் காற்றை அளந்துகொள்வோம். திண்ணையில் தாயம் உருட்டுபவர்களைச் சுற்றி ஆடாதவர்களும் உட்கார்ந்து யோசனை சொல்வதைப் போல, இங்கும் பின்னால் நின்ற தம்பி "இன்னும் ரெண்டு டிகிரி ஏத்துடா" என்பான். ஆட்டம் முடிய ஒரு மணி நேரமானால், அதில் நாம் சுட்ட நேரம் சில நிமிடங்கள்தான். மீதி எல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் பேச்சு வளர்ந்தது, சண்டை வந்தது, சமாதானம் ஆனது.

கை விரைவானவர்தான் வெல்வார் என்ற நிலையும் இங்கே இல்லை. எட்டு வயதுத் தங்கை பதினைந்து வயது அண்ணனை வெல்ல முடிந்தது. கணினியே தொடாத தாத்தாவுக்கும் கோணமும் விசையும் இரண்டு நிமிடத்தில் புரிந்தன. வயதும் பழக்கமும் வேறுபட்டவர்கள் ஒரே மேசையில் சமமாக உட்கார இடம் கொடுத்த கணினி விளையாட்டுகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

திறந்து கிடந்த நிரல்

கொரில்லாஸ் விளையாட்டை ஆட, முதலில் அதன் மூலநிரலைத் திறக்க வேண்டும். க்யூபேசிக்கில் கோப்பைத் திறந்தால் திரை முழுக்க எழுத்துகள். அதன்பிறகு இயக்கினால்தான் விளையாட்டு. ஆட்டத்துக்குள் போகும் வழி அதன் எந்திர அறையின் ஊடாகவே போனது. நிரலின் தலைப்பிலேயே ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்யும் ஒரு மாறிலி இருந்தது. வேகம் கூடினாலோ குறைந்தாலோ அந்த எண்ணை மாற்றிக்கொள்ளும்படி குறிப்பும் எழுதியிருந்தார்கள். புதிய, விரைவான கணினிகளில் வாழைப்பழம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறந்தபோது, பலர் தங்கள் வாழ்வில் முதல்முறையாக ஒரு நிரலைத் திருத்தினார்கள். அடுத்து வெடிப்பின் அளவைப் பெரிதாக்கினார்கள். அதற்கடுத்துக் காற்றை மாற்றினார்கள்.

நிரலை ஊன்றிப் படித்தவர்களுக்கு இன்னொரு வியப்பு காத்திருந்தது. கட்டடங்களின் வடிவத்தை அந்த நிரல் தனியாக எங்கும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பழம் போகும் இடத்தில் திரையின் நிறம் என்ன என்று பார்க்கும். பின்னணியின் நிறமானால் வெட்டவெளி, சூரியனின் நிறமானால் சூரியன், வேறு நிறமானால் எதன்மீதோ மோதிவிட்டது. வெடிப்பு என்பது கட்டடத்தின் ஒரு பகுதியின்மேல் பின்னணி நிறத்தைப் பூசுவது. அடுத்த பழம் அந்தப் பள்ளத்தின் வழியே போகும், ஏனென்றால் அங்கே இனி ஒன்றும் இல்லை. வரைந்த படமே அங்கே உலகம். இதைப் புரிந்துகொண்ட சிறுவர் ஒருவர், கணினி எப்படி ஓர் உலகைப் பாவனை செய்கிறது என்ற பெரிய உண்மையின் ஒரு துண்டைப் பிடித்துவிட்டார்.

விண்டோஸ் 95 வந்தபின் க்யூபேசிக் கணினியில் தானாக நிறுவப்படுவது நின்றது. விளையாட்டுகள் மூடிய பெட்டிகளாயின. இன்று ஒரு பிள்ளை தன் கைப்பேசி விளையாட்டின் ஈர்ப்பு முடுக்கத்தை மாற்ற நினைத்தால் அதற்குப் பெரும்பாலும் வழியில்லை. ஏக்கத்தின் இந்தப் பகுதியை மனநெகிழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. உண்மையில் பறிபோன ஓர் உரிமை பற்றிய முறையீடு இது.

மறக்கக் கூடாத மறுபக்கம்

இவை குண்டு எறியும் விளையாட்டுகள் என்பதை ஒதுக்கிவிட்டு ஏக்கத்தைப் பேசுவது நேர்மையாகாது. பீரங்கி அட்டவணைகளுக்காகத் திட்டமிடப்பட்ட எனியாக், முதலில் செய்த பெரிய கணக்கு ஹைட்ரஜன் குண்டு ஆய்வுக்கானது. ஸ்கார்ச்டு எர்த், வளைகுடாப் போர் நடந்த ஆண்டில் வந்தது; ஈராக் அதிபர் சதாம் உசேன் அந்தப் போரை 'எல்லாப் போர்களுக்கும் தாய்' என்று சொல்லிப் புகழ்பெற்ற அந்த 'தாய்' அடைமொழி அதன் துணைத்தலைப்பிலும் ஒட்டிக்கொண்டது. அணுகுண்டும் நேபாமும் அங்கே விலைப்பட்டியலில் இருந்தன.

எறிகணை விழும் ஓசையைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்த ஈழத்துத் தமிழர் ஒருவருக்கு இந்த விளையாட்டு வேறு விதமாகத்தான் தெரியும். இலக்கைத் தாண்டி ஒன்று, இலக்குக்கு முன்னால் ஒன்று, பிறகு நடுவில் ஒன்று என்ற அந்தக் கணக்கின் மறுமுனையில் வாழ்ந்தவர் அவர். விளையாட்டில் பார்வை எப்போதும் சுடுபவருடையது. மேலும் இருவரும் சம பலத்தோடு, ஒருவர் கண்ணில் ஒருவர் பட, முறை வைத்துச் சுடுகிறார்கள். எந்தப் போரும் அப்படி நடப்பதில்லை. ஆடிய சிறுவர்கள் இதனால் வன்முறையாளர் ஆகவில்லை. அந்தக் குற்றச்சாட்டை நான் வைக்கவும் இல்லை. ஆனால் வளர்ந்தபின் ஏங்குகிறவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. தாம் நேசிப்பது கணக்கையும் துணையையும்தான் என்று தெளிந்துகொள்வதே அது. வாழைப்பழம் எறியும் கொரில்லாவும் உருளும் புழுவும் அந்த ஆட்டத்தைக் கெடுக்காமல் போரின் சாயலை அதிலிருந்து வெகுவாகக் கழற்றிக் காட்டின. ஆட்டத்தின் உயிர் குண்டில் இல்லை என்பதற்கு அவையே சாட்சி.

பின்வந்தவை வைத்துக்கொண்டதும் விட்டதும்

ஏக்கம் எதை நோக்கியது என்பதைச் சோதிக்க ஒரு நல்ல வழி, இந்த வகையின் வாரிசுகளைப் பார்ப்பது. ஒவ்வொன்றும் பழையதில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றை விட்டது.

2003இல் வந்த 'வோர்ம்ஸ் 3டி' முறையையும் எதிராளியையும் வைத்துக்கொண்டு, தட்டையான பக்கப் பார்வையை விட்டது. முப்பரிமாணத்தில் குண்டின் முழு வளைவும் ஒரே பார்வையில் அகப்படவில்லை. எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அளப்பது கடினமாயிற்று. சில ஆண்டுகளில் அந்த வரிசை மீண்டும் தட்டைத் திரைக்கே திரும்பியது. 1999இல் வந்த 'வோர்ம்ஸ் ஆர்மகெடான்' விளையாட்டுக்கோ, ரசிகர்களாக இருந்து நிரலாளர்களானவர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மேம்பாடுகள் வெளியிட்டார்கள். பிழையின் அளவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது வெறும் பழக்கம் இல்லை, ஆட்டத்தின் அடிப்படை என்பதை இது காட்டுகிறது.

2009 டிசம்பரில் பின்லாந்தின் ரோவியோ வெளியிட்ட 'ஆங்ரி பேர்ட்ஸ்' வளைவை உலகெங்கும் கொண்டுபோனது. சென்ற எறிதலின் தடத்தைப் புள்ளிகளாகத் திரையில் விட்டுவைத்தது. திருத்திக்கொள்ளும் இன்பத்தை அது நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது. ஆனால் எதிராளியை எடுத்துவிட்டது. பன்றிகள் திருப்பிச் சுடுவதில்லை. நமக்காக யாரும் காத்திருப்பதும் இல்லை. கொரியாவிலிருந்து 2002இல் வந்த 'கன்பவுண்ட்' முறையையும் எதிராளியையும் இணையத்துக்குக் கொண்டுபோனது. எதிராளி கிடைத்தார், ஆனால் பக்கத்தில் இல்லை.

பழைய அமைப்புக்கு மிக அருகில் நின்றது மைக்கேல் வெல்ச் 2001இல் வெளியிட்ட 'பாக்கெட் டாங்க்ஸ்'. அமிகா கணினிக்கு அவரே முன்பு எழுதிய ஒரு பீரங்கி விளையாட்டின் தொடர்ச்சி அது. இருவரும் மாறி மாறி ஆளுக்குப் பத்து ஆயுதங்களைப் பொறுக்கி எடுத்து, பத்து முறை சுட்டு, புள்ளிகளை எண்ணிப் பார்ப்பார்கள். யாரும் சாவதில்லை, கடைசிக் குண்டு வரை இருவரும் ஆட்டத்தில் இருப்பார்கள். அளவான நேரம், ஒரே கணினி, பக்கத்தில் ஓர் ஆள். கல்லூரி விடுதிகளிலும் அலுவலக இடைவேளைகளிலும் அது பிடித்த இடத்துக்கு இதுவே காரணம்.

ஏக்கத்தில் இரண்டு வகை உண்டு என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்வெத்லானா போய்ம் 2001இல் வெளியான தம் நூலில் பிரித்துக் காட்டினார். ஒன்று, போனதை அப்படியே திரும்பக் கட்ட நினைப்பது. மற்றது, போனதை எண்ணிப் பார்த்து அதிலிருந்து நிகழ்காலத்தைக் கேள்வி கேட்பது. முதல் வகைக்கு இன்று தடையில்லை. டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் பழைய கணினியைப் புதிய கணினிக்குள் பாவனை செய்கின்றன. இணையக் காப்பகம் 2015 ஜனவரியில் ஏறக்குறைய 2,400 டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி திறந்துவிட்டது. ஆனால் தனி அறையில் ஒருவராக உட்கார்ந்து அவற்றைத் திறப்பவர் பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறார். கோப்பு திரும்பி வந்தது. அதைச் சூழ்ந்திருந்த ஏற்பாடு வரவில்லை. ஆகவே இரண்டாம் வகை ஏக்கம்தான் நமக்குப் பயன்படும்.

முடிவாக

இதுவரை பார்த்ததை ஒரே வரியில் சொன்னால்: நாம் ஏங்குவது, செய்த தவறைத் தெளிவாகப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்க, அவசரமில்லாமல் திருத்திக்கொள்ளக் கிடைத்த அவகாசத்துக்காக. வளைந்து விழும் குண்டு தவறுக்கு அளவு தந்தது. முறை அவகாசம் தந்தது. ஒரே விசைப்பலகை சாட்சியைத் தந்தது. திறந்த நிரல், விதியையே கேள்வி கேட்கும் துணிவைத் தந்தது. இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடியது தற்செயல். வறிய கணினிகள் கூட்டிவைத்த தற்செயல். ஆனால் நன்மை தற்செயலாக வந்ததால் அதை வேண்டுமென்றே மறுபடி செய்யக் கூடாது என்று விதி இல்லை.

அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். ஒரு தரை, இரண்டு புள்ளிகள், ஒரு சமன்பாடு. பைத்தானிலோ ஸ்கிராட்ச்சிலோ நூறு வரிக்குள் எழுதிவிடலாம். எறிபொருள் இயக்கம் நடத்தும் இயற்பியல் ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு வாரம் கைகோத்தால், மாணவர்கள் தங்கள் சொந்த பீரங்கி விளையாட்டை, அல்லது மாங்காய் எறியும் விளையாட்டை, தாங்களே கட்டிவிடுவார்கள். அதை இருவர் இருவராக ஒரே கணினியில் ஆடச் சொல்ல வேண்டும். ஈர்ப்பை நிலவுக்குரிய 1.6 ஆக மாற்றச் சொல்ல வேண்டும். காற்றுத் தடையைச் சேர்த்தால் 45 பாகை இனியும் மிகத் தொலைவு போகிறதா என்று கேட்க வேண்டும். இப்போது பெற்றோராக, ஆசிரியராக, நிரலாளராக இருக்கும் அந்தத் தலைமுறையிடம் இதற்கான அறிவும் அன்பும் இரண்டுமே இருக்கின்றன. நினைவுகூர்ந்து மகிழ்வதோடு நிற்காமல் தங்களுக்குக் கிடைத்ததை அடுத்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்தால், அந்த ஏக்கம் தன் கடமையைச் செய்ததாகும்.